கிடா உரிக்க, கறி போட எந்தக் கத்தி வாங்கலாம்?

பாமணிக்கரை

வணக்கம். எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றங்கரையில். ஆடி மாதம் குலதெய்வம் முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைப்போம். கோயிலடியிலேயே உரித்து, சமைத்து, பங்காளிகள் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். இதுவரை உரிப்பதும் கறி போடுவதும் பெரியப்பாதான். இந்த வருஷம் அவருக்குக் கை நடுக்கம். “நீ கத்தியை எடு, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்றேன்” என்றுவிட்டார்.

வெட்டுவதற்கு ஆள் இருக்கிறார், அரிவாளும் கோயிலில் இருக்கிறது. நான் கேட்பது அதற்கு அப்புறம் நடக்கும் வேலைக்கு. பெரியப்பாவின் சூரிக்கத்தி தேய்ந்து தேய்ந்து விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. பிடியும் ஆடுகிறது. நெட்டில் தேடினால் வேட்டைக்கத்தி என்று முதுகில் கொக்கியும் ரம்பப்பல்லும் வைத்து நாலாயிரம், ஐயாயிரம் சொல்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா? தோல் உரிப்பது, வயிறு திறப்பது, எலும்பு வெட்டுவது எல்லாம் ஒரே கத்தியில் முடியுமா? 3,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். கிடா உயிர் எடை 20 கிலோ இருக்கும்.

அரசலாறு

தம்பி, எங்கள் குடும்பம் கும்பகோணம் பக்கம் மூன்று தலைமுறையாகக் கறிக்கடை. நான் பன்னிரண்டு வயதில் கத்தி பிடித்தவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கத்தி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தோல், வயிறு, மூட்டு இந்த மூன்றுக்கும் அறுக்கிற கத்தி வேண்டும். எலும்புக்கு வெட்டுகிற கத்தி வேண்டும். அறுக்கிற கத்திக்கு வாய் மெல்லிசு, வெட்டுகிற கத்திக்கு வாய் தடிப்பு. மெல்லிய வாயை எலும்பில் போட்டால் பல் பல்லாகப் பெயர்ந்துவிடும். தடித்த வாய் தோலுக்கும் சதைக்கும் நடுவில் நுழையாது, கறியையும் சேர்த்துக் கிழிக்கும்.

அறுக்கிற கத்திக்கு 4 முதல் 5 அங்குல நீளம் தாராளம். ஆள்காட்டி விரலைக் கத்தி முதுகில் நீட்டிப் பாருங்கள். விரல் நுனியும் கத்தி நுனியும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். வயிற்றுக்குள் கை போன பிறகு கண் உதவாது, நுனி எங்கே இருக்கிறது என்று விரல்தான் சொல்ல வேண்டும். 8 அங்குலக் கத்தியில் அது நடக்காது. முனை ஊசி மாதிரி இருக்க வேண்டாம். முதுகு கொஞ்சம் கீழே இறங்கி, வாய் வளைந்து வந்து சேர்கிற முனை நல்லது.

வயிறு திறக்கும்போது தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கீறி, இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டுக் கவட்டை போல விரியுங்கள். வயிற்றுச் சதையை அந்த இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, நடுவில் கத்தியை வாய் வெளியே பார்க்க வைத்து மெல்ல இறக்குங்கள். குடல் விரலுக்குப் பின்னால் நின்றுவிடும். இரைப்பையில் ஒரு பொத்தல் விழுந்தால் அத்தனை கறியிலும் சாணி வாடை ஏறும்.

சப்பை எடுப்பதைப் பெரியப்பா சொல்லும்போது கூர்ந்து கவனியுங்கள். ஆட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் உடம்போடு எலும்பால் சேரவே இல்லை, சதையால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலை வெளியே இழுத்துப் பிடித்துச் சின்னக் கத்தியால் நாலு இழுப்பு இழுத்தால் சப்பை கையோடு வந்துவிடும். பின்னந்தொடையில் கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்த மாதிரி ஒரு மூட்டு. தொடையை அகட்டி அழுத்துங்கள், மூட்டு வாய் திறக்கும். உள்ளே வெள்ளையாக ஒரு நரம்பு தெரியும். அதை நுனியால் அறுத்தால் தொடை தனி, உடம்பு தனி. புதிதாகச் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் வெட்டுக்கத்தியை ஓங்குகிறார்கள். பிறகு குழம்பில் எலும்புச் சில்லு வந்து குழந்தைகள் தொண்டையில் குத்துகிறது. எனக்கு இது மனசு பொறுக்காத விஷயம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

வெட்டுக்கத்தி முக்கால் கிலோ கனம், 7 அல்லது 8 அங்குல வாய் போதும். கனமே எலும்பை இரண்டாக்க வேண்டும், உங்கள் தோள்பட்டை இல்லை. அடியில் புளியமரக் கட்டை போடுங்கள். புளியமரத்தின் நார் பின்னிக்கொண்டு ஓடும், அதனால் எத்தனை வெட்டு விழுந்தாலும் சிராய் பெயர்ந்து கறியில் ஒட்டாது.

வெட்டாறு

அரசலாறு அண்ணே, அருமையான விளக்கம். இதே சின்னக் கத்தி வயல்முயல், மடையான், கொக்குக்கும் சரியாக வருமா? அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கம் பையன்கள் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

ஆட்டு டாக்டர் திருவாரூர்

வெட்டாறு தம்பி, அதற்குக் கத்தி பார்க்க வேண்டாம். முயல், மடையான், கொக்கு, நாரை, கௌதாரி எதுவானாலும் 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் கறி வைத்திருப்பதும் குற்றம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை என்று நம் பக்கமே மூன்று சரணாலயம் வைத்துக்கொண்டு, அங்கே வந்து தங்குகிற பறவையை வயலில் கண்ணி வைத்துப் பிடிப்பது நியாயமும் இல்லை. பையன்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். காடை சாப்பிட ஆசை என்றால் பண்ணைக் காடை கடையில் கிடைக்கிறது.

வெட்டாறு

சரி சார், விற்பதுதான் தப்பு என்று நினைத்திருந்தேன். சொல்லிவிடுகிறேன்.

மிச்சிகன் மன்னை

பாமணிக்கரை, நானும் மன்னார்குடிதான். இங்கே மிச்சிகனில் பதினோரு வருஷமாக உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போகிறேன். நவம்பர் 15 துப்பாக்கி சீசன் தொடக்கம். நீங்கள் பார்த்த கொக்கிக் கத்தி இங்கேதான் அதிகம் ஓடுகிறது. நானும் முதல் வருஷம் அதைத்தான் வாங்கினேன்.

கொக்கி எதற்கென்றால், மான் வயிற்றுத் தோலைப் பை ஜிப் திறப்பது போல இழுத்துத் திறக்க. கூர் இருக்கும்வரை வேலை செய்கிறது. அப்புறம் முடியும் கொழுப்பும் அந்த வளைவுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. தட்டைக் கல்லில் அதைத் தீட்ட முடியாது, மெல்லிய உருட்டு அரம் வேண்டும். இரண்டாம் வருஷமே தூக்கி வைத்துவிட்டேன். மடக்குக் கத்தியும் வேண்டாம். கீல் சந்துக்குள் ரத்தம் போனால் எத்தனை கழுவினாலும் நாற்றம் போகாது. இப்போது என்னிடம் இருப்பது 4 அங்குலம், மடங்காத, மொழுமொழுவென்ற சாதாரணக் கத்தி. அரசலாறு ஐயா சொன்ன அதே முனை.

இங்கே வேலையே வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மான் விழுந்த இடத்திலேயே குடல் குந்தாணியை எடுத்துவிட வேண்டும், உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கினால்தான் கறி கெடாது. குளிர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் சில நாள் தொங்கவிட்டுப் பொறுமையாகக் கறி எடுக்கலாம். நம் ஊர் ஆடி வெயிலில் அது நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இன்னொன்று, இங்கே நாங்கள் எலும்பை வெட்டுவதே இல்லை. மான்களுக்கு ஒரு மெலிவு நோய் பரவியிருக்கிறது, அதனால் மூளையையும் தண்டுவடத்தையும் தொடாமல் சதையை மட்டும் எடுக்கச் சொல்கிறார்கள். நல்லி எலும்பு இல்லாமல் என்ன குழம்பு என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறார்கள்.

முக்கியமாக ஒன்று. மானுக்குப் பித்தப்பை கிடையாது, ஆட்டுக்கு உண்டு. வேட்டைக்காரர்கள் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு போனால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

உலைக்கூடம்

எங்கள் பட்டறை பட்டுக்கோட்டைப் பக்கம். அறுவடை இயந்திரம் வந்த பிறகு கருக்கரிவாள் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தேங்காய் அரிவாளும் கறிக்கத்தியும்தான் இப்போது உலையை எரிய வைக்கின்றன.

தம்பி, வெட்டுக்கத்தியைக் கடையில் வாங்காதீர்கள், அடித்து வாங்குங்கள். லாரி ஸ்பிரிங் பட்டை நல்ல இரும்பு. அதில் கரி (கார்பன்) 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். கூரும் நிற்கும், எலும்பில் ஓங்கிப் போட்டாலும் உடையாது. ஆனால் தோய்ச்சல் சரியாக விழ வேண்டும். இரும்பு பழுத்துக் காந்தம் ஒட்டாத நிலைக்கு வந்ததும் எண்ணெயில் தோய்ப்போம். அவசரத்துக்குத் தண்ணீரில் தோய்த்தால் இந்த இரும்பு விரிசல் விடும். அப்புறம் மறுபடி மெல்லச் சூடு காட்டினால் நிறம் ஏறும். முதலில் வைக்கோல் மஞ்சள், அடுத்து பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். அறுக்கிற கத்தியை வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும். வெட்டுக்கத்தியைப் பழுப்பு வரை விட வேண்டும், இல்லாவிட்டால் முதல் நல்லி எலும்பிலேயே வாய் சில்லு பெயரும். எங்கே வாங்கினாலும் பட்டறைக்காரரிடம் இந்த நிறத்தைக் கேளுங்கள். தெரிந்தவர் முகம் மலர்ந்து சொல்வார்.

சாணை பிடிக்கக் கொடுக்கும்போதும் கவனம். சக்கரத்தில் அழுத்திப் பிடித்து வாய் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் தோய்ச்சல் செத்துப்போச்சு. அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள்.

பிடிக்குப் பூவரசு போட்டுத் தருகிறேன். 2018 இல் கஜா புயல் சாய்த்த மரத்தை வாங்கி வைத்தது இன்னும் இருக்கிறது, நன்றாகக் காய்ந்து இறுகியிருக்கிறது.

நாகூர் காற்று

உலைக்கூடம் அண்ணன் வெட்டுக்கத்திக்குச் சொன்னது அத்தனையும் சரி. சின்னக் கத்திக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்கள் கடலோரம் இருக்கிறோம். கரி இரும்புக் கத்தியைக் கழுவி வைத்து மதியம் சாப்பிட்டு வருவதற்குள் துரு பூத்துவிடும். பக்ரீத்துக்கு ஒரே நாளில் நாலைந்து கிடா உரிக்கிறோம், நடுவில் துடைத்து எண்ணெய் போட யாருக்கு நேரம்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் எலும்பு நீக்குகிற கத்தி என்று விற்கிறார்கள், 5 அல்லது 6 அங்குலம், சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடி. கொழுப்புக் கையிலும் வழுக்காது, கொதிநீரில் போட்டுக் கழுவலாம். எங்கள் வீட்டில் அதுதான் எட்டு வருஷமாக ஓடுகிறது.

குர்பானிக்குக் கத்தி மழுங்கியிருக்கக் கூடாது, ஆட்டின் கண் முன்னால் தீட்டவும் கூடாது என்று வாப்பா சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். முதல் நாள் இரவே தீட்டி, வாயை நகத்தின் மேல் அழுத்தாமல் ஓட்டிப் பார்ப்போம். நகத்தில் எங்கேயாவது இடறினால் அந்த இடத்தில் பல் இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி கல்லுக்குப் போக வேண்டும். உரிக்கிற கத்திக்கும் இதே சோதனை போதும்.

உலைக்கூடம்

பாய், கடலோரத்துக்கு நீங்கள் சொல்வது நியாயம்தான். மன்னார்குடியில் அவ்வளவு உப்புக்காற்று இல்லை. வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் கரி இரும்பு தலைமுறைக்கும் நிற்கும். தீட்டவும் சுலபம், பத்து இழுப்பில் கூர் வந்துவிடும்.

நாகூர் காற்று

வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற கத்தி அண்ணே. மீதி நாள் யார் எண்ணெய் தடவுவார்கள்? தம்பி திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருப்பார்.

பாமணிக்கரை

திருப்பூர்தான் பாய்! எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கொக்கிக் கத்தியை விட்டுவிட்டேன். சின்னது ஸ்டெயின்லெஸ், வெட்டுக்கத்தி பட்டறையில் என்று முடிவு செய்திருக்கிறேன். தீட்டுவதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். பெரியப்பா வாசற்படிக் கல்லில் தேய்ப்பார், எனக்கு அது கைவரவில்லை. மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் கத்தியைக் கொண்டு போனால் ஏதும் பிரச்சினை வருமா?

அரசலாறு

கடையில் 400, 1000 என்று இரண்டு பக்கம் உள்ள தீட்டுக்கல் கிடைக்கும், ஒன்று வாங்குங்கள். பல் விழுந்திருந்தால் மட்டும் 400, மற்றபடி 1000. கறிக்கு அதற்கு மேல் பளபளப்பு தேவையில்லை. கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் சவ்வில் வழுக்காமல் பிடித்து அறுக்கும்.

கல்லை நனைத்து, கத்தியைப் படுக்க வைத்து, முதுகைச் சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்குத் தூக்குங்கள். அந்தச் சாய்வு மாறவே கூடாது. ஒரே பக்கம் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கத்து வாயில் மெல்லிய பிசிறு எழும். விரலைக் குறுக்கே தடவினால் தட்டுப்படும், நீளவாக்கில் தடவி விரலை அறுத்துக்கொள்ளாதீர்கள். பிசிறு வந்தால் அந்தப் பக்கம் முடிந்தது, திருப்பிப் போடுங்கள். கடைசியில் அழுத்தாமல் மாற்றி மாற்றி நாலு இழுப்பு.

கூர் சீக்கிரம் போவது கறியால் இல்லை, முடியாலும் முடியில் இருக்கும் மண்ணாலும்தான். அதனால் தோலை வெளியிலிருந்து அறுக்காதீர்கள். முட்டிக்குக் கீழே சின்னதாகக் கீறி, கத்தியை உள்ளே விட்டு வாய் வெளியே பார்க்கக் கிழித்துக்கொண்டு போங்கள். முடி இரண்டு பக்கமும் ஒதுங்கிவிடும். தொடை தெரிய ஆரம்பித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முஷ்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவில் கொடுத்துத் தள்ளுங்கள். சூடு ஆறுவதற்குள் என்றால் தோல் கழன்று வரும். தோலைப் பிடித்த கை கறியைத் தொடக் கூடாது, கிடா வாடை ஏறினால் மசாலாவுக்கும் அடங்காது.

பஸ் விஷயம்: 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுத விதிகளில் வரும். வீட்டு வேலை, விவசாய வேலைக்குச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. வெட்டுக்கத்தி அகலத்தில் 2 அங்குலத்தைத் தாண்டும். அதனால் சாக்கில் சுற்றிக் கட்டிப் பைக்கு அடியில் வையுங்கள், கோயிலுக்குப் போகிற மற்ற சாமானோடு. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஆட்டு டாக்டர் திருவாரூர்

கத்தியோடு நிறுத்திக்கொள்ளாமல் உள்ளே என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். முதல் நாள் மாலையிலிருந்து தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் வையுங்கள். 12 மணி நேரம் விட்டால் இரைப்பை இளைத்திருக்கும், கத்தி பட வாய்ப்புக் குறையும்.

நம் டெல்டாவில் வயலும் வாய்க்காலும் நத்தையும் அதிகம், அதனால் ஆடுகளுக்கு ஈரல் தட்டைப்புழு வரும். ஈரலை நடுவில் அறுத்துப் பாருங்கள். குழாய்கள் தடித்து, இலை போல் தட்டையான புழு தெரிந்தால் அந்த ஈரலைச் சமைக்க வேண்டாம். ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் நிறைந்த வெள்ளைக் கொப்புளம் இருந்தால் நாய்க்குக் கட்டாயம் போடாதீர்கள். நாய் தின்றால் அதன் வழியாக மனிதருக்கு வரும். ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

திடீரென்று தானாகச் செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் வடிந்த ஆட்டின் மேல் எந்தக் கத்தியும் படக் கூடாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். உரித்தால் கையில் ஒட்டும், மண்ணில் விழுந்தால் பல வருஷம் சாகாமல் இருக்கும். கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். இதில் தயவு தாட்சண்யமே பார்க்காதீர்கள்.

பாமணிக்கரை

நேற்று நல்லபடியாக முடிந்தது. எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

கோயில் பூவரச மரத்துக் கிளையில் பின்னங்கால் நரம்பில் கயிறு கோத்துத் தொங்கவிட்டோம். கீழே தென்னங்கீற்று, அதன் மேல் வாழையிலை. பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தோல் உள்ளிருந்து கிழித்ததில் கறியில் ஒரு முடிகூட இல்லை. கவட்டை விரல் வைத்து வயிறு திறந்தது, ஐயா, அப்படியே நீங்கள் சொன்ன மாதிரி. குடல் விரலில் சூடாக வந்து அழுத்திக்கொண்டே இருந்தது, கத்தி படவே இல்லை.

தப்பு நடந்தது பித்தப்பையில்தான். மிச்சிகன் அண்ணன் எச்சரித்தும் ஈரலை இழுக்கும் அவசரத்தில் நுனி பட்டுப் பச்சையாகக் கசிந்துவிட்டது. பெரியப்பா உடனே எழுந்து வந்து, கசிந்த இடத்தை ஒட்டி ஈரலில் இரண்டு விரல் அகலம் வெட்டி எறியச் சொன்னார். கழுவிப் பார்த்தோம், மீதி கசக்கவில்லை. பையைத் தனியாகப் பிடுங்கக் கூடாதாம். ஒட்டியிருக்கிற ஈரலையும் கொஞ்சம் சேர்த்தே அறுத்து எடுக்க வேண்டுமாம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். சப்பை எடுக்கும் நேரம் பெரியப்பா தன் பழைய சூரிக்கத்தியைக் கையில் கொடுத்தார். முதல் நாள் இரவு அதையும் 1000 கல்லில் தீட்டி வைத்திருந்தேன். தேய்ந்து மெலிந்த அந்தக் கத்தி சப்பைக்கு அடியில் வளைந்து வளைந்து போனது. புதுக்கத்தி முட்டி நின்ற இடத்தில் எல்லாம் அது தானாக வழி கண்டுபிடித்தது. நாலே இழுப்புதான், சப்பை என் கையில். தொடை மூட்டும் அதில்தான் எடுத்தேன். “எங்கப்பா வாங்கினதுடா” என்றார். அவர் கை அப்போது நடுங்கியதா என்று நான் பார்க்கவில்லை, கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்டுக்கத்தி கனம் கச்சிதம். கறி ஒன்பதரைக் கிலோ தேறியது, சில்லு என்று யாரும் சொல்லவில்லை.

உலைக்கூடம் அண்ணே, சூரிக்கத்தியின் பிடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே போகிற வால் பாதி துருப்பிடித்து அரித்துப்போயிருக்கிறது. சரி செய்ய முடியுமா?

உலைக்கூடம்

முடியும். வாலில் புது இரும்பு வைத்து ஒட்டித் தருகிறேன், வாய்ப்பக்கம் சூடு ஏறாமல் ஈரச்சாக்கு சுற்றிக்கொண்டு செய்யலாம். பித்தளைப் பூண் போட்டுப் பூவரசுப் பிடி இறக்கிவிடுவோம். பெரியப்பாவின் கை அளவுக்கா, உங்கள் கை அளவுக்கா என்று சொல்லுங்கள், முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். அதுவரை சாணைக்காரர் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், அதில் மிச்சம் இருப்பதே கொஞ்சம் இரும்புதான். அமாவாசை அன்று பட்டறை திறப்பதில்லை, மற்ற நாள் எப்போது வந்தாலும் இருப்பேன்.